பங்கு வணிகம் சூதாட்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்கு வாங்கி விற்பது சூதாட்டமே என்று ஒரு வாசகரும், அது முறையான தொழில் என்று மற்றொருவரும் தங்கள் இதழில் எழுதியிருந்த கடிதங்களைப் படித்தேன். சந்தையில் நடப்பதெல்லாம் ஒரே வகை என்று இருவருமே எண்ணிக்கொண்டதுதான் குறையாகத் தோன்றுகிறது.

யாங்கோனில் வசிக்கும் நாம் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. தேநீர்க் கடைதோறும் ஓடும், இரண்டு இலக்க எண்ணின் மேல் பணம் கட்டும் 'டூ-டி' சூதாட்டத்தின் எண்ணே தாய்லாந்துப் பங்குச் சந்தையிலிருந்துதான் வருகிறது. அச்சந்தையின் குறியீட்டெண்ணில் கடைசி இலக்கமும், அன்று கைமாறிய தொகையில் புள்ளிக்கு முன் நிற்கும் இலக்கமும் சேர்ந்ததே விழுந்த எண், குறியீடு 1,379.54 என்றும் தொகை 45,127.33 மில்லியன் பாட் என்றும் முடிந்தால், 47. வழக்கமாக 80 மடங்கு கொடுக்கிறார்கள். நூறு எண்களுக்கும் தலா 1,000 கியாட் விழுந்தால் வசூல் ஒரு லட்சம், கொடுப்பது 80,000, மீதி நடத்துகிறவர் பைக்கு. பாங்காக்கில் பங்கு வைத்திருப்பவருக்கு நிறுவனங்களின் மதிப்பைச் சொல்லும் அதே எண், இங்கே சீட்டு எழுதியவருக்கு வெறும் குலுக்கலாகிவிடுகிறது. ஆகவே, கிடைக்கும் லாபம் யாருடைய பணம் என்று பார்த்துத்தான் எதையும் சூது என்றோ தொழில் என்றோ சொல்ல முடியும்.

நம் சூலே பகோடா சாலையில் உள்ள பங்குச் சந்தையில் 2016 மார்ச்சில் வணிகம் தொடங்கியபோது பட்டியலில் இருந்தது ஒரே ஒரு நிறுவனம். அத்தகைய பங்கை வாங்கி வைத்திருப்பவருக்கு அந்நிறுவனம் ஈட்டுவதில் பங்கு உண்டு. விலை இறங்கினாலும், ஏன் நிறுவனமே நொடித்தாலும், அதைச் சூது என்பது பொருந்தாது. பயிந்நவுங் சந்தையில் உளுந்து, துவரை ஏற்றுமதி செய்பவர் கப்பலேற்றும் முன்பே விலை பேசி முடிப்பதும் அப்படியே. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என்று வரம்பு கட்டியதை நினைத்துப் பார்த்தால், முன்கூட்டியே விலை பேசுவது, விலை சரியலாம் என்று ஏற்கெனவே இருக்கும் ஆபத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு என்பது விளங்கும். (சரக்கே கையில் இல்லாமல் விலையை மட்டும் பேசுகிறவர்களை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை.)

கைபேசிச் செயலியில் நூறு டாலர் கட்டி, நூறு மடங்கு கடனில் பத்தாயிரம் டாலருக்கு நாணயமோ தங்கமோ வாங்கும் இளைஞரின் நிலை வேறு. விலை ஒரு விழுக்காடு எதிராகத் திரும்பினால் கட்டிய பணம் முழுவதும் போய்விடும். அங்கே ஒருவர் பெறுவது இன்னொருவர் இழந்ததுதான். தரகுக் கூலி கழிந்தபின் எல்லோருக்கும் சேர்த்து மிஞ்சுவது போட்டதைவிடக் குறைவு. பொருளோ பங்கோ கையில் இல்லாமல், பின்னொரு நாளுக்கான விலையை இன்றே பேசும் முன்பேர வணிகத்திலும் கதை இதுவே. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குசார் முன்பேர வணிகத்திலும், குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமையை மட்டும் வாங்கி விற்கும் விருப்பத்தேர்வு வணிகத்திலும் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாகவும், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியதாகவும் இந்தியப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பே கணக்கிட்டு வெளியிட்டது. விலை வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

ஐரோப்பிய நாடுகளில் இத்தகைய கணக்கு வழங்கும் தரகர்கள், தம் வாடிக்கையாளரில் எத்தனை விழுக்காட்டினர் இழக்கிறார்கள் என்பதை விளம்பரத்திலேயே அச்சிட வேண்டும் என்ற விதி 2018 முதல் உள்ளது. இங்கே அப்படி யாரும் கேட்பதில்லை. நாணய வணிகப் பயிற்சி வகுப்பு என்று வரும் விளம்பரங்களை ஏற்குமுன், அந்த ஒரு எண்ணையாவது தங்கள் இதழ் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாங்கோன்.