மருந்து வந்தது, சன்னலைப் பார்க்க யாரும் வரவில்லை

பொதுச் சுகாதாரத் துறையின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சென்ற வாரம் கைக்கு வந்த ஓர் இரத்தப் பரிசோதனை அறிக்கையே இம்மடலை எழுத வைத்தது. நான்கு வயதாகும் என் மகளின் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 39 மைக்ரோகிராம் இருப்பதாக அதில் கண்டிருந்தது. முதன்முறை பார்த்தபோது 51 இருந்தது; ஈயத்தைப் பிணைத்துச் சிறுநீர்வழி வெளியேற்றும் மருந்தை முழுமையாகக் கொடுத்து முடித்தபோது 19-க்கு இறங்கியது; இப்போது மீண்டும் ஏறிவிட்டது. ஒவ்வோர் அறிக்கையின் நகலும் உங்கள் துறைக்கு அனுப்பப்பட்டிருப்பதால் இந்த எண்கள் உங்களுக்குப் புதியவை அல்ல. ஈயத்தைப் பொறுத்தவரை பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறியிருப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே கேட்க வந்ததை நேராகக் கேட்கிறேன். ஒரு குழந்தையின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதாக அறிக்கை வந்தவுடன், அது எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கு வந்து கண்டறியும் பொறுப்பை உங்கள் துறை ஏற்க வேண்டும்.

சக்சிமர் என்ற அந்த மருந்தை 19 நாள் கொடுத்தோம். முதல் ஐந்து நாள் எட்டு மணிக்கொரு தடவை. பிறகு பதினான்கு நாள் பன்னிரண்டு மணிக்கொரு தடவை. கேப்சூலைப் பிரித்தாலே அழுகிய முட்டையின் நாற்றம் அறை முழுவதும் பரவும். உள்ளிருக்கும் சிறுமணிகளை மசித்த உணவின் மேல் தூவி என் மனைவி கரண்டியை நீட்டுவாள். குழந்தை பற்களை இறுகக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நள்ளிரவு வேளைக்காக எழுப்பும்போது, "அந்த நாத்தம் வேண்டாம்" என்று தூக்கக் கலக்கத்திலேயே அழுவாள். அவ்வளவும் பட்டு இறக்கிய எண் இது.

எங்கள் வீட்டின் மரச் சன்னல்கள் பழையவை. அடுக்கடுக்காகப் பூசிய பெயின்ட், திறந்து மூடும்போதெல்லாம் சட்டத்தோடு உராய்ந்து பொடியாக உதிர்ந்து விளிம்பில் படிந்துவிடும். மகள் அந்த விளிம்பில் கைகளை ஊன்றித்தான் வெளியே வேடிக்கை பார்ப்பாள். கைகள் உடனே வாய்க்குப் போகும். பழைய பெயின்டாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்ன ஒரே வரியை நம்பி, சிகிச்சை முடிந்த கையோடு உப்புத்தாளை எடுத்து நானே சன்னல்களைத் தேய்த்தேன். வீடெங்கும் வெண்தூசு பறந்தது. உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, நனைத்துத்தான் அகற்ற வேண்டும், அப்போது குழந்தை வீட்டிலேயே இருக்கக் கூடாது என்பதையெல்லாம் பிறகுதான் அறிந்தேன். மருந்து நின்றபின் எலும்பில் தேங்கிய ஈயம் இரத்தத்துக்குத் திரும்புவதும் உண்டு என்கிறார் மருத்துவர். இப்போது ஏறியதில் எவ்வளவு எலும்பிலிருந்து வந்தது, எவ்வளவு என் உப்புத்தாளிலிருந்து வந்தது என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முதல் அறிக்கை வந்த வாரத்தில் உங்கள் அலுவலர் ஒருவர் ஒரு மணி நேரம் வந்து போயிருந்தால் நான் அந்த உப்புத்தாளைத் தொட்டிருக்க மாட்டேன். நான் மூன்று முறை அழைத்தேன். மருத்துவமனையைக் கேளுங்கள் என்றது அலுவலகம். வீட்டைச் சோதிப்பது தங்கள் பணியல்ல என்றது மருத்துவமனை.

சிகிச்சை பெறும் குழந்தை ஈயமற்ற இடத்தில் இருக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. இரத்தத்தில் ஈயம் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆனால் உடல் அதைக் கால்சியமென்று கொண்டு எலும்பில் சேர்த்துவைத்தால் அங்கே பல்லாண்டுகள் தங்கிவிடும். 2001-இல் வெளியான, 780 குழந்தைகளைக் கொண்ட ஆய்வில் இதே மருந்து இரத்த ஈயத்தைக் குறைத்தது. அறிவுத்திறனில் முன்னேற்றம் எதையும் காட்டவில்லை. அளவு 45-ஐத் தாண்டினால் மருந்து தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈயத்தை வென்றது மருந்தன்று. பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்தியதே முதன்மைக் காரணமாக, 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிறு குழந்தைகளின் இரத்தத்தில் சராசரியாக 15 மைக்ரோகிராம் அளவில் இருந்த ஈயம் இன்று ஒன்றுக்கும் கீழே வந்திருக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சால் வந்த நோய் 1956-இல் அறியப்பட்டும், ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலப்பது 1968-இல்தான் நின்றது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகள் அம்மக்களுக்கு என்ன செய்தன என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் வராத வீட்டுக்கு வேறு சிலர் வந்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். உடலின் உலோக நஞ்சை நீக்குவதாக விளம்பரம் செய்யும் ஒரு நிலையத்தில், மின்முனைகள் பொருத்திய உப்புநீர்த் தொட்டியில் மகளின் கால்களை வைக்கச் சொன்னார்கள். சில நிமிடங்களில் நீர் பழுப்பானது. இதுதான் வெளியேறும் நஞ்சு என்றார்கள். கால்களை எடுத்துவிட்டு, புது நீரில் அதே கருவியை ஓட்டிக் காட்டச் சொன்னேன். நீர் அதே பழுப்புக்கு மாறியது. அது மின்முனையின் துரு. உலோகத்தைப் பிணைக்கும் மருந்தை முதலில் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்து, அந்த எண்ணை மருந்தில்லாதோரின் அளவோடு ஒப்பிட்டு அச்சுறுத்துவதும் நடக்கிறது. அப்படிப் பார்த்தால் எவரும் நோயாளிதான். இது வெறும் பண இழப்போடு நிற்பதில்லை. ஈயத்தைப் பிணைக்கும் கால்சியம் டைசோடியம் ஈடிடிஏ என்ற மருந்துக்குப் பதில் டைசோடியம் ஈடிடிஏ ஏற்றப்பட்டு, இரத்தத்தில் கால்சியம் சரிந்து, 2005-இல் அமெரிக்காவில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பெயரில் ஒரு சொல்தான் வேறுபாடு. இத்தகைய நிலையங்களைக் கண்காணிக்கும் அதிகாரம் உள்ளவர்கள் கண்காணிக்காமல் இருப்பது எனக்குப் பெரும் வேதனையைத் தருகிறது.

கோபத்தில் வேறு பக்கம் சென்றுவிட்டேன், பொறுத்தருள வேண்டுகிறேன். என் கோரிக்கை ஒன்றே. அறிக்கை வந்த சில நாள்களுக்குள் பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கு வரட்டும். சன்னலையும் தரைத்தூசையும் குழாய்நீரையும், பெற்றோர் வேலையிடத்திலிருந்து அணிந்து வரும் உடையையும் சோதிக்கட்டும். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுக்கட்டும். பெயின்ட் பரப்பைச் சொறியாமலே ஈயத்தைக் காட்டும் எக்ஸ்கதிர்க் கருவிகள் கையடக்கமாகவே இருக்கின்றன. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை.

இப்போதைக்குச் சன்னல்களை ஒட்டுநாடாவால் மூடிவிட்டு, தரையை நாள்தோறும் ஈரத்துணியால் துடைத்து வருகிறோம். மகள் வேடிக்கை பார்க்க வேறிடம் கேட்கிறாள். அடுத்த இரத்தப் பரிசோதனைக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. அதற்குள் ஒருவரை அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு குழந்தையின் தந்தை