முதலாமாண்டுப் பொறுப்பை ஏற்றிருக்கும் உனக்கு

அன்புள்ள தம்பி,

முதலாமாண்டு மாணவர்களின் பொறுப்பை உன்னிடம் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். ரொம்ப சந்தோஷம். வரவேற்பு நாளுக்கு என்னென்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். அதை உன் துறையில் யாராவது நன்றாகவே நடத்திவிடுவார்கள். எனக்கு அதற்கு மறுநாளைப் பற்றித்தான் கவலை. அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

நான் இந்தப் பொறுப்பில் இருந்த முதல் வருடம் ஒரு மாணவன் பாதியில் நின்றுவிட்டான். மதிப்பெண் மோசமில்லை. வருகைப் பதிவை எடுத்துப் பார்த்தேன், ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. வரவேற்பு விழா, விளையாட்டு நாள் எல்லாவற்றுக்கும் வந்திருக்கிறான். புகைப்படங்களில் ஓரமாக நிற்கிறான். சான்றிதழ்களை வாங்கிப்போக வந்தபோது, "இங்கே உனக்கு யாரையெல்லாம் தெரியும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பக்கத்து இருக்கையில் உட்காரும் பையன் பெயரை மட்டும் சொன்னான். பிறகு அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசினேன். இவன் படிப்பை விட்டதே அவனுக்குத் தெரியவில்லை. உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்திருந்தான். அரங்கம் நிறைந்திருந்ததை வைத்து எல்லாம் சரியாக நடக்கிறது என்று அதுவரை நான் நம்பியிருந்தேன். அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை.

மாணவர்கள் ஏன் பாதியில் விலகுகிறார்கள் என்பதற்கு வின்சென்ட் டின்டோ என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் ஒரு விளக்கம் கொடுத்தார். படிப்பிலும் மற்றவர்களோடு பழகுவதிலும் ஒருவர் அந்தக் கல்லூரியோடு எந்த அளவுக்குப் பிணைந்திருக்கிறார் என்பது, அவர் இருப்பதையும் போவதையும் பெரிதும் தீர்மானிக்கிறது என்றார். இதைப் படித்த பலரும் பழகுவதற்கு ஒரு விழா, படிப்புக்கு ஒரு வகுப்பு என்று இரண்டையும் பிரித்துவிடுகிறோம். நான் செய்ததும் அதைத்தான். இரண்டும் ஒரே மேசையில் நடக்க வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அதைப் புரியவைத்தது யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆசிரியரின் அனுபவம். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்றுக்கொண்டிருந்தார்கள். ஆர்வம் குறைவு, அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர்கள் 20 பேரையும், அந்தப் பாடத்தில் நன்றாகத் தேறிய சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேரையும் கூடவே இருந்து கவனித்தார். சொல்லப்பட்ட காரணம் எதுவும் பொருந்தவில்லை. கறுப்பின மாணவர்கள் மணிக்கணக்கில் உழைத்தார்கள், ஆனால் பெரும்பாலும் தனியாக. சீன மாணவர்கள் தனியாகப் படித்த பிறகு ஒன்றாகக் கூடி, ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் சரிபார்த்தார்கள். ஒரு கணக்கு யாருக்குமே வரவில்லை என்றால், அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக உட்கார்ந்தவருக்கோ, தனக்குத்தான் மூளை இல்லை என்று தோன்றியது.

அவர் அடுத்துச் செய்ததை நீ கவனிக்க வேண்டும். பின்தங்கியவர்களுக்கான சிறப்பு வகுப்பு என்று அவர் பலகை மாட்டவில்லை. வழக்கத்தைவிடக் கடினமான கணக்குகளைச் சின்னச் சின்னக் குழுக்களிடம் கொடுத்தார். சிறப்பாகச் செய்யக்கூடியவர்கள் என்று சொல்லித்தான் அழைத்தார். வந்தவர்களின் மதிப்பெண் நன்றாகவே உயர்ந்தது. ஒருவரைப் பாவப்பட்டவராக நடத்தி, நீயும் எங்களில் ஒருவன் என்று நம்பவைக்க முடியாது, தம்பி.

சரி, உன் வகுப்புக்கு வருவோம். முதல் நாளே இருக்கையை நீயே ஒதுக்கு. அவர்களாக உட்காரட்டும் என்று விட்டால், ஏற்கெனவே அறிமுகமானவர்கள் சேர்ந்துகொள்வார்கள், மீதிப்பேர் அங்கங்கே உதிரியாக நிற்பார்கள். ஜெர்மனியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு அறிமுக நாளில் குலுக்கல் முறையில் இருக்கை கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2008இல் வெளியானது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, அன்று அருகருகே உட்கார்ந்தவர்களிடையே நட்பு கூடுதலாக இருந்தது. ஒரே ஒரு நாள் இருக்கைக்கு இவ்வளவு பலன்!

அப்புறம், நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து வாரம் இரண்டு மணி நேரம் சேர்ந்து வேலை செய்யக் கொடு. குழுவை அடிக்கடி மாற்றாதே. எல்லாரும் எல்லாரோடும் பழகட்டும் என்ற நல்லெண்ணத்தில் மாதம் ஒருமுறை கலைத்துப்போட்டவன் நான். ஒருவரும் ஒருவரோடும் ஒட்டவில்லை. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகம் சாதாரண நட்பாக மாற ஏறக்குறைய 50 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகிறது என்று கணக்கிட்டார். வாரம் இரண்டு மணி நேரம் என்றால் 15 வாரத்தில் 30 மணி நேரம்தான் ஆகிறது. அதிலும் சேர்ந்து வேலை பார்த்த நேரத்தைவிட, சும்மா பேசிக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம் உதவுகிறது என்கிறார். ஆகவே குழு வேலைக்குப் பின் ஒரு மணி நேரம் காலியாக இருக்கும்படி கால அட்டவணையை அமைக்கப் பார். அந்த அறையைப் பூட்டவிடாதே. வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுவதால், விடுதியில் இருப்பவர்களுக்குத் தானாகக் கிடைக்கும் நேரம் இவர்களுக்குக் கிடைப்பதில்லை. அதனால் குழு வேலையை மாலையில் வைக்காதே.

குடும்பத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், வேறு மொழி பேசுகிறவர்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களைக் குழுவுக்கு ஒருவர் என்று பங்கு போட்டுவிடாதே. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு குழுவிலும் அவர் மட்டும் தனியாகிவிடுவார். தன்னைப்போல் இன்னொருவர் பக்கத்தில் இருந்தால் வாய் திறப்பது கொஞ்சம் சுலபம்.

சீனியர்களை அழைத்துப் பேசச் சொல்வாய் இல்லையா? சாதித்த கதையை மட்டும் சொல்லவிடாதே. முதல் சில மாதங்கள் தங்களுக்கும் இது தமக்கான இடமில்லை என்று தோன்றியதையும், அது எப்படி மெல்ல மாறியது என்பதையும் சொல்லட்டும். கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிப்பட்ட அனுபவங்களை முதலாமாண்டு மாணவர்களைப் படிக்கவைத்தார்கள். பிறகு அவர்களையே வருங்கால ஜூனியர்களுக்காக எழுதிப் பேசவும் வைத்தார்கள். எல்லாம் ஒரு மணி நேர வேலைதான். அடுத்த மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்து, வெள்ளை மாணவர்களோடு இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்தது. ஆனால் இதே முறையை 22 கல்லூரிகளில் செய்து பார்த்து 2023இல் வெளியிட்டபோது, எங்கே உண்மையிலேயே ஒட்டிக்கொள்ள வாய்ப்பு இருந்ததோ அங்கேதான் அது பலன் தந்தது என்று தெரிந்தது. சீனியர் பேசிவிட்டுப் போன மறுநாள், அதைக் கேட்ட மாணவிக்கு ஒரு குழு இருக்க வேண்டும். அவள் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க நான்கு பேர் இருக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியல் கைக்கு வந்ததும் குழுக்களைப் பிரித்து எனக்கு அனுப்பு. உட்கார்ந்து பார்க்கிறேன். ஆறாவது வாரம் ஒவ்வொரு மாணவரிடமும் தனியாக, "இங்கே உனக்கு யாரையெல்லாம் தெரியும்?" என்று கேட்டுக் குறித்து வை. ஒரே ஒரு பெயர் சொல்பவர் யார் என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்