கின்சா மாடிப்படியும் கடன் நோட்டும்

ஈரோடு
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள முத்து,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டதும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். முப்பது வருடம் பாங்கில் கையெழுத்துப் பார்த்த கண், கொஞ்சநாள் சும்மா இருக்கட்டும். இந்தக் கடிதத்தையும் மருமகளை விட்டு வாசிக்கச் சொல்.

உன் பையன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது கொடுத்துவிட்டுப் போன டிஸ்க்கை ஒருவழியாகப் பார்த்துவிட்டேன். டிவிடியை உலகத்தை வட்டாரங்களாகப் பிரித்து, ஒன்றுக்கானது இன்னொன்றில் ஓடாதபடி பூட்டி விற்கிறார்கள். அது அந்த ஊர் வட்டாரத்துக்கான டிஸ்க், எண் 1. நம் நாட்டுக்கு எண் 5. என் பழைய பிளேயர் உள்ளே வாங்கிய வேகத்தில் வெளியே துப்பிவிட்டது. தங்கை மகன் வந்து ரிமோட்டில் என்னமோ நம்பரைத் தட்டினான், ஓட ஆரம்பித்தது. படம் நினைவிருக்கிறதா? ஜப்பானிய இயக்குநர் மிக்கியோ நரூசே 1960-இல் எடுத்த 'ஒரு பெண் மாடிப்படி ஏறும்போது'. கிரைட்டீரியன் கம்பெனி 2007-இல் வெளியிட்ட டிவிடி.

எண்பதுகளின் கடைசியில் உன் அறையில், யாரோ பதிவு செய்து கொடுத்த காசெட்டில் பார்த்தோமே, அதே படம்தான். ஆனால் அன்று நாம் பார்த்தது பாதிப் படம். இது தோஹோஸ்கோப் என்கிற அகலத்திரைப் படம், உயரம் ஒன்று என்றால் அகலம் 2.35. டிவிப் பெட்டிக்கு அடங்கவேண்டும் என்று ஐந்தில் இரண்டு பங்கை வெட்டிவிட்டிருக்கிறார்கள். இப்போது பார்த்தால் அந்தக் குறுகலான பார் முழுதாகக் கண்ணில் விழுகிறது. கவுண்டர், பாட்டில் வரிசை, ஓரத்தில் உட்கார்ந்து யார் மடியில் யார் கை என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள். மயுசுமியின் இசை வேறு, வைப்ரஃபோனில் ஐஸ் கட்டி கண்ணாடித் தம்ளரில் மோதுகிற மாதிரி.

அன்று நீ 'பார்க்காரியின் அழுகைக் கதை' என்றாய். நானும் தலையாட்டினேன். இரண்டு பேரும் தப்பு. இது வசூல் கதையப்பா.

தோக்கியோவின் கின்சாவில் ஒரு மாடி பார். அதை நடத்தும் கெய்கோவுக்கு முப்பது வயது, புருஷன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். அங்கே பார் நடத்தும் பெண்ணை எல்லோரும் 'மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், அம்மா என்ற அர்த்தத்தில். நம்மூரில் இந்தத் தொழிலில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். முதல் பத்து நிமிஷம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடை அவளுடையதல்ல. முதலாளி வேறு ஆள். நல்ல வாடிக்கையாளர்கள் வேறு பாருக்குப் போகிறார்கள் என்று அவர் இவளிடம்தான் பாய்கிறார். வருகிற பெரிய மனிதர்கள் காசை எடுத்து வைப்பதில்லை, கணக்கில் எழுதச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பிறகு அவர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி பில்லை வசூலிப்பது இவள் வேலை. கின்சாவில் ஆள் கம்பி நீட்டிவிட்டால் அந்தப் பாக்கி அந்தப் பெண்ணின் தலையில்தான் விடியும்.

ஜவுளிக்கடை பில்லைத் தூக்கிக்கொண்டு நான் எத்தனை படி ஏறியிருப்பேன், உனக்குத் தெரியும். பாக்கி வைத்தவன் முன்னால் கோபத்தைக் காட்ட முடியாது, காட்டினால் அடுத்த ஆர்டர் போய்விடும். 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அண்ணாச்சி, பார்த்துவிட்டுப் போகலாம் என்று' என்றுதான் ஆரம்பிக்கவேண்டும். கெய்கோவாக வரும் ஹிதெக்கோ தக்காமினே ஒரு ஆபீஸுக்குள் நுழைந்து சிரிக்கிறார் பார், அந்தச் சிரிப்பு எனக்கு அச்சுஅசலாகத் தெரிந்த சிரிப்பு. ஐந்து வயதிலிருந்து நடித்தவர். இந்தப் படத்துக்கு உடை வடிவமைப்பும் அவரே. அந்தக் கிமோனோக்கள் எதுவும் பளபளக்காது, ஆனால் விலை தெரியும்.

படம் வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, 1958 ஏப்ரலில்தான், அங்கே விபச்சாரத் தடைச் சட்டம் முழுதாக அமலுக்கு வந்து பழைய விடுதித் தெருக்கள் மூடின. இந்த பார்கள் அந்த ரகமல்ல. இங்கே விற்பனைக்கு இருப்பது பேச்சும் சிரிப்பும், 'என்றாவது ஒருநாள்' என்கிற நப்பாசையும். அந்த நாளைத் தள்ளிப்போடத் தெரிந்தவள்தான் நல்ல மாமா.

யூரி என்று ஒருத்தி, கெய்கோவிடம் வேலை பார்த்துவிட்டுத் தனியாக பார் வைத்தவள். கடன்காரர்களைக் கொஞ்சநாள் தள்ளிவைக்க, தற்கொலைக்கு முயன்ற மாதிரி நடிக்கலாம் என்று தூக்க மாத்திரை விழுங்குகிறாள். அளவு தப்பி உண்மையிலேயே போய்விடுகிறாள். துக்க வீட்டுக்கே கடன் கணக்கு வந்து நிற்கிறது. அங்கே நான் படத்தை நிறுத்திவிட்டுத் திண்ணைக்குப் போய்க் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.

செக்கினே ஞாபகமிருக்கிறானா, தொழிற்சாலை முதலாளி என்று சொல்லிக் கல்யாணம் பேச வருகிற குண்டு மனிதன்? 'ஏழு சாமுராய்' படத்தில் பழைய தோழனாக வருவாரே, தைசுகே கத்தோ, அவரேதான். கெய்கோ நம்பிவிடுகிறாள். பிறகு அவனுக்குப் பெண்டாட்டி இருப்பது தெரிந்து ஊருக்கு வெளியே போய் அவளைப் பார்க்கிறாள். வெட்டவெளி. இரண்டு பெண்களும் நின்று பேசுகிறார்கள். அவர்களைச் சுற்றி ஒரு பையன் மூன்றுசக்கர சைக்கிளில், பின்னால் கட்டிய தகர டப்பா கடகடவென்று இழுபட, வட்டமடித்துக்கொண்டே இருக்கிறான். யாரும் அழவில்லை, கத்தவில்லை. டப்பா சத்தம் மட்டும்தான். பழைய காசெட்டில் இது ஏதோ கோளாறு மாதிரி கேட்டதாக நினைவு.

அப்புறம் உன் தொழில்காரர், பாங்க் மேனேஜர் ஃபுஜிசாக்கி. கோபித்துக்கொள்ளாதே, அந்த ஆளைப் பார்த்தபோதெல்லாம் உன் ஞாபகம் வரவில்லை என்று சொல்லமாட்டேன். கெய்கோ மனசு வைத்த ஒரே ஆள். ஓர் இரவு அவளோடு இருந்துவிட்டு, விடிந்ததும் ஒசாக்காவுக்கு மாற்றல் என்கிறார், கையில் பங்குப் பத்திரங்களைத் திணிக்கிறார். அவள் ரயில் நிலையத்துக்கே போய், குடும்பத்தோடு கிளம்புகிறவரை வழியனுப்பிவிட்டு, அந்தப் பத்திரங்களை அவர் மனைவி கையில் மரியாதையாகக் கொடுத்துவிடுகிறாள். அந்தப் படத்தில் பாக்கியில்லாமல் முடிந்த கணக்கு அது ஒன்றுதான்.

டிஸ்க்கில், ஜப்பானியப் படங்களைப் பற்றி எழுதிய டொனால்ட் ரிச்சியின் விளக்க உரையும், பாரின் மேனேஜராக வரும் தத்சுயா நக்கதாயின் பேட்டியும் உண்டு. ரிச்சி அமெரிக்கர், 1947-இல் ஜப்பானுக்குப் போய் வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர். சாவகாசமாகக் கேட்கவேண்டிய குரல். நான் பாதிதான் கேட்டேன்.

இன்னொரு விஷயம். சாகக் கிடந்தபோது நரூசே தக்காமினேயிடம், செட்டில்லாமல், வண்ணமில்லாமல், வெறும் வெள்ளைப் பின்னணியில் ஒரு படம் எடுக்கவேண்டும் என்றாராம். 1969-இல் போய்விட்டார்.

நம் வீட்டம்மா இடைவேளை வரை பார்த்தாள். அதற்குள் ஒரு கேள்வி: 'வாடகைக்குக் கடன், அண்ணனுக்குக் கடன், இவளுக்கு எதுக்கு இவ்வளவு துணி?' படத்தில் கெய்கோவின் அம்மாவும் இதையேதான் கேட்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. கடையில் நான் உடுத்தியிருந்த மல்வேட்டிகளை நினைத்துக்கொண்டேன். மீதியை அடுத்த ஞாயிறு பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அதனால் டிஸ்க் இன்னும் பத்து நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் உனக்குக் கட்டு பிரித்துவிடுவார்கள். அவசரப்பட்டுக் கூரியருக்குப் போன் பண்ணாதே.

அன்புடன்,
ராசு