உங்கள் ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டேன், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இப்போதெல்லாம் உங்களுக்குப் போனில் பாதிதான் கேட்கிறது, மீதியை நீங்களாகவே ஊகித்துக்கொள்கிறீர்கள். இந்த விஷயத்தில் ஒரு வார்த்தையும் தவறிப்போகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கொழுந்தனாரை மெதுவாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பச்சை டிரங்குப் பெட்டியில் நீங்கள் மாமாவுக்குப் பாதி போட்டு விட்டுப்போன மெரூன் ஸ்வெட்டரைப் பிரித்துவிட்டேன். முழுவதும்.

அதை வெளியே எடுத்தது முடித்துவிடலாம் என்றுதான். தீபாவளி முடிந்து, தில்லிக் குளிருக்கு ரஜாய்களை (பஞ்சுப் போர்வைகளை) வெயிலில் போடும்போது பெட்டியின் அடியில் கிடைத்தது. மாமாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி, வேப்பிலைச் சருகோடு இருந்தது. 10 நம்பர் ஊசியில் 130 கண்ணிகளும் ஒன்றுகூட நழுவாமல் நின்றன. பின்பக்கம் அக்குள் வரை வந்திருந்தது. கூடவே மூன்று உருண்டை நூல். 2008இல் மாமா ரிட்டயர் ஆனதும், திருச்சி வெயிலுக்கு இது எதற்கு என்று நீங்கள் நிறுத்திய அதே இடம்.

விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எட்டு வரிசை போட்டேன். அப்போதே தெரிந்துவிட்டது. உங்கள் கை தளர்வு, என் கை இறுக்கம். ஸ்கேல் வைத்து எண்ணினேன்: உங்கள் பின்னலில் 10 செ.மீ.க்கு 26 கண்ணி, என்னுடையதில் 30. அதே 130 கண்ணி உங்கள் கையில் 50 செ.மீ. அகலம் வருகிறது, என் கையில் 43தான். மாமாவின் முதுகில் பாதிக்கு மேல் திடீரென்று 7 செ.மீ. சுருங்கினால் எப்படி இருக்கும்? கொஞ்சம் தடிமனான 9 நம்பர் ஊசிக்கு மாறிப் பார்த்தேன். எண்ணிக்கை கொஞ்சம் நெருங்கி வந்தது. ஆனாலும் ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால், நீங்கள் நிறுத்திய வரிசைக்கும் நான் தொடங்கிய வரிசைக்கும் நடுவே கோடு போட்டமாதிரி தெரிந்தது. உங்கள் துணி ஒரே சீராக இருந்தது, அத்தை. அதன்மேல் என் கையை ஒட்டவைக்க எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் நூல். மாமா அளவுக்கு முழுக்கை என்றால் 500 கிராமாவது வேண்டும். இருந்ததெல்லாம் சேர்த்து 240 கிராம். மீதி உருண்டைகளை எதிர்வீட்டு பஞ்சாபி ஆண்ட்டியின் பேத்திக்குக் குல்லா போடக் கொடுத்துவிட்டதாக நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். துண்டு நூலை எடுத்துக்கொண்டு சரோஜினி நகர் மார்க்கெட்டில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மெரூன் எல்லோரிடமும் இருக்கிறது, இந்த மெரூன் யாரிடமும் இல்லை. சாயத் தொட்டி மாறினாலே நிறம் மாறும், அதனால்தானே லேபிளில் லாட் நம்பர் போடுகிறார்கள். பதினேழு வருஷம் கழித்து அதே லாட்டை எங்கே தேடுவது?

அங்கே போனபோது நேதாஜி நகர் பக்கமும் போய்ப் பார்த்தேன். நீங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வரிசையே இல்லை. எல்லாம் இடித்து உயரமான கட்டடங்களாகிவிட்டன. நம் முருகன் கோவில் மலை மந்திரில் கும்பாபிஷேகம் நடந்த 1973ஆம் வருஷத்துக் குளிரில்தான், புல்தரையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் ஸீதா, உல்டா (நேர்க்கண்ணி, எதிர்க்கண்ணி) கற்றுக்கொண்டேன் என்பீர்களே, அந்தப் புல்தரை எதுவென்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பிரிப்பதற்கு முன்னால் நூலின் நுனியைத் தீக்குச்சியில் காட்டினேன். பேரன் பிறந்தபோது வந்திருந்தீர்களே, அந்த இரண்டு மாதத்தில் நீங்கள் கற்றுத்தந்ததுதான். முடி கருகும் நாற்றம் வந்தது, சாம்பல் விரலில் பொடியானது. அக்ரிலிக்காக இருந்தால் உருகிக் கெட்டி மணியாகியிருக்கும். சுத்தக் கம்பளி என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது. கம்பளியைக் குளிப்பாட்டினால் திரும்ப எழுந்துவிடும்.

ஊசியை உருவி நூலை இழுத்தேன். ஒரு ஞாயிறு மதியம் முழுக்க ஆனது. உங்கள் மகன் நாற்காலி முதுகில் சுற்றிக்கொண்டே வந்தார், நான் இழுத்துக்கொடுத்தேன். இரண்டு இடத்தில் பூச்சி கடித்து அறுந்திருந்தது. அங்கே முடிச்சுப் போடவில்லை. இரண்டு நுனியையும் பிரித்து, ஈரப்படுத்தி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து உள்ளங்கையில் சூடு வரும்வரை தேய்த்தேன். ஒட்டிக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை. சுற்றிய லச்சியை (நூல் வளையத்தை) நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு ஊறவைத்து, பிழியாமல் துண்டில் ஒற்றி எடுத்துக் கொடியில் தொங்கவிட்டேன். அத்தனை வருஷம் கண்ணிகளாகவே வளைந்து கிடந்த நூல் சுருட்டை முடிமாதிரி இருந்தது. ஒருமுறை நனைத்ததில் பாதிச் சுருள் போனது. இரண்டாவது முறை அடியில் ஒரு ஹேங்கரை மாட்டிக் கனம் கொடுத்தேன். நேராகிவிட்டது. நிறமும் மங்கவில்லை.

இப்போது அதில் உங்கள் பேரனுக்கு ஹாஃப் ஸ்வெட்டர் வளர்கிறது. முன்னால் 100 கண்ணி, பின்னால் 100. பார்டர் 12 நம்பரில், உடம்பு 10 நம்பரில், நீங்கள் போடுகிறமாதிரியே. மார்பில் மட்டும் நாலு வரிசை வெள்ளைக் கோடு, அது அவன் கேட்டது. பின்பக்கம் முழுக்க மெட்ரோவில் போட்டதுதான். மயூர் விஹாரில் பிங்க் லைன் ஏறினால் ஐ.என்.ஏ. ஸ்டேஷன் போவதற்குள் ஐந்தாறு சலாய் ஆகிவிடும். (ஊசிக்கும் சலாய், வரிசைக்கும் சலாய். இந்த ஊர்ப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது.) நீள ஊசி பக்கத்தில் இருப்பவர்களைக் குத்தும் என்று இரண்டு குட்டை ஊசியை வயரால் இணைத்த வயர் ஊசி வாங்கிக்கொண்டேன், நம் நொய்டா நிட்ப்ரோ கம்பெனியுடையதுதான். லேடீஸ் கோச்சில் தினமும் யாராவது ஒருவர் தொட்டுப் பார்த்து, தன் அம்மா போட்டுத்தந்ததைப் பற்றிச் சொல்கிறார்.

எங்கள் சொசைட்டி பார்க்கில் வெயில் காய வருகிறவர்களில் ஊசியோடு உட்காருவது நானும் எண்பது வயது ஆண்ட்டி ஒருவரும்தான். அவரிடம் கேட்கலாம் என்று நினைத்தேன், ஆனால் இதை உங்களிடம்தான் கேட்க வேண்டும். கழுத்து பாக்கி இருக்கிறது. உங்கள் மகனின் ஐந்தாம் வகுப்பு போட்டோவில் வி கழுத்தின் முனை எவ்வளவு கூர்மையாக நிற்கிறது! நான் போட்டால் முனை மடங்கி வட்டமாகிவிடுகிறது. நடுக் கண்ணியை நிறுத்தி இரண்டு பக்கமும் குறைப்பீர்களே, அது ஒவ்வொரு வரிசையிலுமா, ஒன்று விட்டு ஒன்றிலா? நடுக் கண்ணி மேலே வரவேண்டுமா, அடியில் போகவேண்டுமா?

பிரித்ததில் உங்களுக்கு வருத்தம் இருந்தால் அதையும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு வீடியோ காலில் வாருங்கள், அப்போது எங்கள் பால்கனியில் வெளிச்சம் நன்றாக இருக்கும். கண்ணாடியும் ஒரு ஜோடி ஊசியும் பக்கத்தில் இருக்கட்டும். பார்டருக்குக் கழுத்தைச் சுற்றிக் கண்ணி எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

உங்கள் மருமகள்