பி.ஏ. படிப்புக்கும் ஒரு முழுப்பக்கம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

+2 ரிசல்ட் வந்தா என்ன படிக்கலாம்னு பக்கம் பக்கமா போடுறீங்க, ஆனா பி.ஏ. படிப்புக்கு ஒரு மூலைதான், அதுவும் மார்க் கம்மியா எடுத்தவங்களுக்குன்ற மாதிரியே எழுதுறீங்க. எங்க ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அதை அப்படியே நம்பிடுறாங்க. நல்லா படிக்கிற புள்ள ஹிஸ்டரி எடுக்கப்போறேன்னு சொன்னா வீட்டுல துக்கம் விழுந்த மாதிரி ஆயிருது, நர்சிங் கிடைக்கலையா இன்ஜினியரிங் கிடைக்கலையான்னு தெருவே விசாரிக்குது.

எங்க புள்ளைங்களுக்கு இந்தப் பாடமெல்லாம் வாசல்லயே கிடக்குதுங்க. அழகன்குளத்துல தோண்டி ரோமானியக் காசு எடுத்தாங்க, பெரியபட்டினத்துல சீனப் பீங்கான் ஓடு கிடைச்சுது, அது ஹிஸ்டரி. வலைக்கும் இன்ஜினுக்கும் மீன் வாங்குற கம்பெனிக்காரர்கிட்ட முன்பணம் வாங்கிட்டு, பிடிச்ச மீனை அவர் சொல்ற விலைக்கே போட்டுட்டு வர்ற குடும்பம் எங்க கரையில எத்தனையோ இருக்கு, அந்தக் கடன் ஏன் தீரவே மாட்டேங்குதுன்னு அந்த வீட்டுப் பையன் கேக்குறானே, அது எகனாமிக்ஸ் கேள்விதான். 1986ல மன்னார் வளைகுடா தீவுகளை தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க, காலங்காலமா அங்க கடல்பாசி எடுத்த பொம்பளைங்க பொழப்பு என்னாச்சுன்னு எழுத சோஷியாலஜி படிச்சவங்க வேணும், அது அந்த அக்காங்களோட மகளா இருந்தா இன்னும் நல்லது. 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்தைப் பத்தி எல்லாரும் பேசுறாங்க, அதை முழுசா படிச்சவங்க எங்க ஊர்ல கம்மி.

வேலை கிடைக்குமான்னு பெத்தவங்க கேக்குறது நியாயம்தான். அதனாலதான் விவரமா போடுங்கன்னு கேக்குறேன். சோஷியல் டீச்சர் ஆகணும்னு நினைச்சுக்கிட்டு சோஷியாலஜியில சேர்ந்துடுறாங்க, பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு ஹிஸ்டரி இல்லன்னா ஜியாகிரபி டிகிரியோட பி.எட். கேப்பாங்கன்னு யாரும் முன்கூட்டி சொல்றதில்ல. புதுப்பேர் வச்ச டிகிரின்னா அரசு வேலைக்கு இணைத்தன்மை ஆணை, அதாவது இது வழக்கமான இன்ன டிகிரிக்குச் சமம்னு சொல்ற அரசாணை இருக்கான்னு முதல்லயே பாக்கணும். கணக்குக்குப் பயந்து எகனாமிக்ஸ் எடுக்குறவங்களுக்கு அங்கயும் புள்ளியியல் காத்துக்கிட்டு இருக்கு. வக்கீலுக்குப் படிக்கணும்னா டிகிரி முடிச்சிட்டு மூணு வருஷம் சட்டம், ராமநாதபுரத்துலயே அரசு சட்டக்கல்லூரி இருக்கு. அரசுப் பள்ளியில 6ல இருந்து 12 வரைக்கும் படிச்ச பொண்ணுங்களுக்கு புதுமைப்பெண், பசங்களுக்கு தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாய், அது பி.ஏ.வுக்கும் உண்டு, இதையே பாதிப்பேர் இன்ஜினியரிங்குக்கு மட்டும்னு நினைச்சுட்டு இருக்காங்க.

காலேஜ் பேரை மட்டும் பாத்துட்டு சேர்றதும் தப்பு. எங்க மாவட்டத்து ஆர்ட்ஸ் காலேஜுங்க அழகப்பா பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது, மூணு வருஷத்துக்கும் என்ன பேப்பர்னு பாடத்திட்டத்தை ஒருதடவை புள்ளையும் பெத்தவங்களும் சேர்ந்து உக்காந்து படிச்சாலே பாதிக் குழப்பம் தீரும். படிக்கும்போது எது மனசுக்குப் பிடிச்சுதோ அதை எடுக்கட்டும், கூட்டாளி சேர்றான்னு சேர வேணாம்.

இன்னொண்ணு. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துல +2 முடிச்சதும் சேர்ற அஞ்சு வருஷ எம்.ஏ. இருக்கு, ஹிஸ்டரி, எகனாமிக்ஸ், சோஷியாலஜி எல்லாம் உண்டு. அதுக்கு க்யூட்னு (CUET) சொல்ற, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத்தேர்வு எழுதணும், தமிழ்லயே எழுதலாம். ஆனா விண்ணப்பம் +2 ரிசல்ட்டுக்கு முன்னாடியே முடிஞ்சிருது, நீங்க மே மாசம் கல்வி மலர் போடும்போது எங்க புள்ளைங்களுக்கு அந்தக் கதவு சாத்தியாச்சு. அடுத்த வருஷம் பி.ஏ. பக்கத்தை ஜனவரி தொடக்கத்துலயே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மண்டபம்