செருப்பைக் கழட்டச் சொன்னவருக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

கொழிஞ்சாம்பாறை, நட்டுக்கல், வேலந்தாவளம் சுற்று வட்டாரத்து மக்களுக்கும், எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்து வந்து பார்த்துப் போனவர்களுக்கும் கால்பந்துக் குழுவின் வணக்கம்.

நம் குழுவில் ஆடும் கானா நாட்டு அண்ணனுக்குக் குதிகாலில் நடந்ததைத் திரும்பவும் எழுத வேண்டியதில்லை. பாதிப் பேர் அன்றைக்கு ராத்திரி கேலரியிலேயே இருந்தீர்கள். குதிகால் நரம்பு (கெண்டைக்காலைக் குதிகாலோடு சேர்க்கும் தசைநாண்) அறுந்து போகவில்லை, ஆபரேஷன் வேண்டாம், பொறுமையாக இருந்தால் மறுபடி ஆடலாம் என்று ஸ்கேனைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். அதைக் கேட்ட கையோடு எழுதுகிற மடல் இது. 36 வயதில், கானாவின் குமாசியில் குடும்பத்தை விட்டுவிட்டு வந்து நம் செவன்ஸ் (ஏழு பேர் ஆடும் கால்பந்து) குழுவுக்குப் பின்வரிசையைக் கட்டிக் காக்கிற மனிதர். அவருக்கு இந்த ஊர் செய்ததைச் சொல்லாமல் விட்டால் தப்பு.

முதல் நன்றி, பேருந்து நிலையத்துக்கு எதிரே குடை விரித்து உட்காரும் செருப்புத் தைக்கும் பெரியவருக்கு. பூட்ஸ் முன்பக்கம் வாய் பிளந்திருந்ததால் அவரிடம் போனது. அவர் பூட்ஸை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "தம்பி, கால்ல போட்டிருக்கிற செருப்பைக் கழட்டுங்க, பார்க்கலாம்" என்றார்.

கானா அண்ணனின் கால் 11ஆம் எண். நம் பக்கத்துக் கடைகளில் 10க்கு மேல் சுலபத்தில் கிடைக்காது. அவர் போட்டிருந்தது 10ஆம் எண் ரப்பர் செருப்பு. குதிகால் பின்விளிம்புக்கு வெளியே தொங்கியது. போதாததற்குப் பின்பக்கம் தேய்ந்து முன்பக்கத்தைவிடத் தாழ்ந்து கிடந்தது. அப்படி நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் கீழே இறங்கும், நரம்பு இழுபடும், அது எலும்பில் போய் ஒட்டுகிற இடத்தில் எலும்போடு சேர்ந்து அழுந்தும். அவருக்கு வலி இருந்ததும் சரியாக அந்த இடத்தில்தான். வலி என்றால் யாரும் பூட்ஸைப் பார்ப்பார்கள், மைதானத்தைப் பார்ப்பார்கள். ஆட்டம் ஒரு மணி நேரம். செருப்பு விடிந்ததிலிருந்து படுக்கிற வரை.

பெரியவர் ஒரு செய்தித்தாளை விரித்து, அதன்மேல் அவரை நிற்க வைத்துக் கால் வரைந்தார். உட்கார வைத்து வரையக் கூடாதாம்; உடம்பு எடை இறங்கினால்தான் பாதம் முழுசாக விரியும். நேரமும் சாயங்காலம்தான் சரி, அப்போதுதான் கால் லேசாக வீங்கியிருக்கும். வரைந்த கோட்டுக்குப் பின்னால் ஒரு சென்டிமீட்டர் கூட்டி அடிப்பாகத்தை வெட்டினார். குதிகாலுக்கு அடியில் மைக்ரோ ஷீட் என்கிற கெட்டியான ரப்பர் தகட்டில் ஒரு சரிவுத் துண்டு: பின்னால் 10 மில்லிமீட்டர் உயரம், முன்னே வர வரக் குறைந்து பாதத்தின் நடுவில் ஒன்றுமில்லாமல் முடியும். அந்த முன்நுனியைக் கத்தியால் சீவி, உப்புத்தாள் போட்டு, விரல் வைத்துத் தடவிப் பார்த்தார். அங்கே விளிம்பு நின்றுவிட்டால் உள்ளங்கால் குழியில் குத்தும், ஆள் பாதத்தைச் சாய்த்து நடப்பார், அப்புறம் முட்டி வலிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குப் போடுகிற எம்.சி.ஆர் ரப்பரை வைக்கலாமே என்று கேட்டதற்கு, அது மெத்து, இவர் எடைக்குச் சீக்கிரமே அமுங்கிவிடும் என்று மறுத்துவிட்டார். வலி ஒரு காலில்தான் என்றாலும் துண்டு இரண்டு செருப்பிலும் வைத்தார். ஒன்றில் மட்டும் வைத்தால் இடுப்பு சாயும்.

பூட்ஸுக்குள் வைத்த துண்டு 6 மில்லிமீட்டர்தான். அதற்கு மேல் போனால் குதிகால் பூட்ஸின் பின்சுவரை விட்டு மேலே எழும்பி, ஓடும்போது வழுக்கும், பின்விளிம்பு நேராக வலிக்கிற இடத்திலேயே உரசும். அந்த விளிம்பையும் கொஞ்சம் தாழ்த்தி வெட்டி, மெல்லிய தோல் மடித்துத் தைத்துக் கொடுத்தார். பிளந்த சோலை ஒட்டியது தனி வேலை. பழைய பேஸ்டைச் சுரண்டி, இரண்டு பக்கமும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, தின்னரில் துடைத்து, பேஸ்ட் தடவி 10, 15 நிமிடம் அப்படியே விட வேண்டும். விரல் வைத்தால் ஒட்ட வேண்டும், நூல் மாதிரி இழுபடக் கூடாது. ஈரத்தோடு ஒட்டினால் உள்ளே மாட்டிக்கொண்ட தின்னர் வெளியேற வழியில்லாமல் அடுத்த ஆட்டத்திலேயே மறுபடி வாய் திறக்கும். ஒட்டிய பிறகு முன்வளைவைச் சுற்றி மெழுகு நூல் தையல். 24 மணி நேரம் காலில் போடக் கூடாது.

கூலி கேட்டால், "ஒரு வாரம் நடந்து பாருங்க. அமுங்கிச்சுன்னா மறுபடி செய்யணும். அப்புறம் பேசிக்கலாம்" என்றார். துண்டு அமுங்கவில்லை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கியதும் வைக்கிற முதல் அடி, அதுதான் அவருக்கு உயிர் போகிற அடி. இப்போது சுவரைப் பிடிக்காமல் வைக்கிறார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஊசி போட்டு இறுதி ஆட்டத்தில் இறக்கிவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, இந்த நரம்பில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் அது அறுந்து போகிற அபாயம் கூடும் என்று அடித்துச் சொன்ன பிசியோதெரபி மருத்துவருக்கு நன்றி. வயிற்றுப்போக்குக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் கேட்டதும், அந்த வகை மாத்திரை இதே நரம்பைப் பலவீனமாக்கக்கூடும், டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று எடுத்துக் கொடுக்காமல் நின்ற மருந்துக்கடைத் தங்கைக்கு நன்றி. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் பதிய வேண்டும். அதை நேரத்தோடு முடித்து வைத்திருந்த வீட்டுக்கார அண்ணனால்தான் மருத்துவமனையில் காகிதத் தொல்லை இல்லாமல் போயிற்று. கோயம்புத்தூர் முழுக்கத் தேடி 11ஆம் எண் டர்ஃப் பூட்ஸ் கொண்டு வந்த வேன் ஓட்டுநருக்கு நன்றி. அறுப்பு முடிந்து காய்ந்த நம் வயல் மண்ணில் நீள ஸ்டட் (பூட்ஸ் அடியில் இருக்கும் முள்) இறங்காது, கால் முளைக்குச்சிமேல் நிற்கும். குட்டி ரப்பர் முள் நிறைய இருக்கிற டர்ஃப் பூட்ஸ்தான் இந்தத் தரைக்கு ஆகும்.

குச்சிக்கிழங்கையும் பச்சை நேந்திரங்காயையும் வேகவைத்து, கிழங்கின் நடுநரம்பை உருவிப்போட்டு, ஆறுவதற்குள் உரலில் இடித்து, கானாக் களியான ஃபுஃபு உருட்டிக் கொடுத்த அக்காவுக்குத் தனி நன்றி. ஆறிவிட்டால் கட்டி தட்டிவிடும், எவ்வளவு இடித்தாலும் சேராது. கூட ஊற்றிக்கொள்ள நிலக்கடலை அரைத்த கோழிக் குழம்பு. நம் மண்ணில் விளைகிற இந்த மூன்றும் கானாவிலும் அன்றாடச் சாப்பாடு என்று அந்த அக்கா சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது.

வயதான ஆட்டக்காரரை வெளிநாட்டிலிருந்து கொண்டு வருகிற குழுக்கள் விமான டிக்கெட், அறை, ஆட்டக் காசு என்று பேசி முடித்துவிட்டு நிம்மதியாகிவிடுகின்றன. இருபது வயதுப் பையன் அதில் ஓட்டிவிடுவான். 36 வயதுக் காலுக்குக் கடுமையான ஒரு ஆட்டம் முடிந்தால் இரண்டு மூன்று நாள் ஆறுதல் வேண்டும். சீசனில் மலப்புறம் பக்கம் தினம் ராத்திரி ஒரு ஆட்டம் கூப்பிடுவார்கள். இனி யாரைக் கொண்டு வந்தாலும் வண்டியிலிருந்து இறங்கிய அன்றே கால் அளவெடுத்துச் செருப்பு. முப்பதைத் தாண்டியவருக்கு அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் கிடையாது. கூட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று.

இப்போது அவருக்கு 12 வாரப் பயிற்சி. சமதரையில் நின்று இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி, வலிக்கிற காலால் மட்டும் மெதுவாக இறக்க வேண்டும். 15 வீதம் 3 சுற்று, காலையும் மாலையும். வலி எலும்பு ஒட்டுகிற இடத்தில் இருப்பதால் படிக்கட்டு விளிம்பில் நின்று செய்யக் கூடாது, குதிகால் தரைக்குக் கீழே இறங்கவே கூடாது. டீக்கடைத் திண்ணைப் படியில் அவரை ஏற்றி நிற்கவைத்து எண்ணிக்கை சொல்லிக் கொடுக்கும் பையன்கள் இதைக் கவனிக்கவும்.

கேலரி நண்பர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். அவர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது "கடைசி பத்து நிமிஷம் இறக்கிவிடுங்கப்பா" என்று கத்தாதீர்கள். அவருக்கு இப்போது தமிழ் புரிகிறது, எழுந்து ஷூ லேஸ் கட்ட ஆரம்பித்துவிடுகிறார்.

அன்புடன்,
கால்பந்துக் குழு நண்பர்கள்
கொழிஞ்சாம்பாறை