வண்டி விஷயமாக

அன்புள்ள செல்வாவுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. நீ போன் எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பிஎம்டபிள்யூ படங்களைப் பார்த்தேன். 2011 மாடல் 320டி, டீசல், டெல்லி வண்டி, புது ஸ்விஃப்டை விட விலை கம்மி. ஏன் கம்மி என்று கேட்டாயா? 10 வருஷம் தாண்டிய டீசல் அங்கே ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் சொன்னதிலிருந்து அந்த ஊர் வண்டிகள் தெற்கே வருகின்றன. அங்கிருந்து என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்கணும், இங்கே லைஃப் டாக்ஸ் மறுபடி கட்டணும். 15 வருஷம் ஆனதும் எஃப்சி என்கிற தகுதிச் சான்று, பசுமை வரி. எல்லாம் கூட்டிப் பார். அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

இன்ஜினைக் குறை சொல்ல மாட்டேன், இழுவை அருமை. ஆனால் அந்த வருஷத்து என்47 இன்ஜினில், வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கிற டைமிங் செயின் பின்னால், கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. தேய்ந்தால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்காமல் கை வைக்க முடியாது. அறுந்தால் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் காலி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீயே ஸ்டார்ட் பண்ணு. முதலில் பானெட்டைத் தொட்டுப் பார், விற்கிறவன் முன்னாடியே சூடு பண்ணி வைத்திருப்பான். பின்பக்கம் சரசரவென்று சத்தம் கேட்டால் பேசாமல் வந்துவிடு.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார். சேற்றுக் கறை இருந்தால் தண்ணீரில் நின்ற வண்டி. மிக்ஜாம் புயல் முடிந்து நம் மெக்கானிக் ஷெட் வாசலில் நின்ற வரிசை உனக்கு மறந்திருக்காது. ஷெட்டுக்காரன் பிள்ளை புரோக்கர் பேச்சைக் கேட்கிறாயே! இருந்தாலும், என் பையன் பிஎம்டபிள்யூ பார்க்கிறான் என்று பாஸ்கரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஸ்கேனரோடு அவனைக் கூட்டிப் போ.

அப்புறம், சோழிங்கநல்லூரிலிருந்து துரைப்பாக்கம் போய்வருவது டீசலுக்கு ஓட்டமே இல்லை. டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர், உள்ள வண்டி என்றால் கரியை எரிக்கும் அளவுக்குச் சூடேறாமல் அடைத்துக்கொள்ளும். ஹைவேயில் விட்டால்தான் எரியும். அடிக்கடி திருச்சி போய்வருவதாக இருந்தால் டீசல் வாங்கு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். போவாயா? சுதா இன்னும் அங்கேதானா? அம்மாதான் கேட்கச் சொன்னாள்.

சரி, வண்டி பார்க்கப் போகும் நாளைச் சொல், நானும் வருகிறேன். அதுவரை அட்வான்ஸ் கொடுக்காதே.

அப்பா